நிறுத்திய மருந்தைக் கொடுத்துவிட்டேன்: கணினி வந்தபின் தாதியரும் வைத்தியர்களும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டதா?

இரவுப்பணித் தாதி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எந்த வைத்தியசாலை என்று சொல்லமாட்டேன். எங்கள் விடுதியில் மருந்து எழுதுவது கணினிக்கு மாறி ஓராண்டு கடந்துவிட்டது. விடுதிக்கு ஒரே கணினி, அதுவும் மூலையில் ஒரு மேசையில். மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றை இன்று எழுதிவிட வேண்டும்.

சென்ற மாதம் சிறுநீரகம் பலவீனமான ஒரு பெரியவர் எங்களிடம் இருந்தார். பொற்றாசியம் குறைந்திருந்ததால் அதற்கான பாணி மருந்தைக் கொடுத்துவந்தோம். ஒருநாள் மாலை 4.10க்கு ஆய்வுகூட முடிவு வந்தது. பொற்றாசியம் ஏறியிருந்தது. வைத்தியர் தம் அறையில் இருந்தபடியே கணினியில் மருந்தை நிறுத்தினார். நானோ 4 மணிக்கே மாலைப் பட்டியலை அச்செடுத்து, மருந்து வண்டியை அடுக்கிவிட்டேன். 6 மணி வேளையைக் கொடுத்தேன். 6.30க்குத் திரையைத் திறந்தால் அந்த மருந்தின் மேல் சிவப்புக் கோடு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே ஈ.சீ.ஜி. எடுத்தோம், மீண்டும் இரத்தம் அனுப்பினோம். நல்லகாலம், பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

"நான் நாலு பத்துக்கே நிறுத்திவிட்டேனே, மிஸ்" என்றார் வைத்தியர். அவர் சொன்னது உண்மை. "எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே, டொக்டர்" என்றேன். அதுவும் உண்மை. முன்பென்றால் மருந்தை வெட்ட அவர் கட்டிலடிக்கு வந்திருக்க வேண்டும், அட்டவணை அங்கேதான் தொங்கும். வெட்டிவிட்டுப் போகிற போக்கில் "மிஸ், பொற்றாசியம் வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். அந்த மூன்று சொற்கள் எங்கே போயின?

நான் கணினிக்கு எதிரி இல்லை. உங்கள் விடுதிகளிலும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வடமராட்சி வைத்தியர் | திங்கள், இரவு 10.25

மிஸ், உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். அந்த வைத்தியர் நானாகவும் இருந்திருக்கலாம்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் நான் கையால்தான் எழுதினேன். ஒரு நள்ளிரவில் இன்சுலின் 10 அலகு என்பதற்குப் பக்கத்தில் ஆங்கில 'யூ' எழுத்தைச் சுருக்கமாகப் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் அது சுழியம் போல விழுந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு 100. இரண்டு மணிக்குத் தாதி தொலைபேசியில் அழைத்து, "டொக்டர், நூறு அலகா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் ஒரு குடும்பம் தலைவனை இழந்திருக்கும். இந்தப் பிழைக்குக் கணினியில் இடமே இல்லை. பொஸ்டன் நகரின் பிரிகாம் வைத்தியசாலையில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், எவரும் இடைமறிக்காமல் தப்பிப் போகும் பாரதூரமான மருந்துப் பிழைகள் கணினிமுறை வந்தபின் 55 சதவீதம் குறைந்தன. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நீங்கள் கேட்டதும் என்னை விடவில்லை. கையெழுத்து விளங்காமல் என்னை அழைத்த தாதி, அந்த ஒரு சொல்லோடு தொலைபேசியை வைத்ததில்லை. "அழைத்ததோடு சொல்கிறேன், பதினாலாம் கட்டில் ஐயா மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை", "மூன்றாம் கட்டில் அம்மா இன்று என்னை யாரென்று கேட்கிறார்" என்று இரண்டு செய்தியும் சேர்ந்து வரும். என் கையெழுத்து மோசமாக இருந்ததால்தான் அந்தச் செய்திகள் எனக்குக் கிடைத்தன. இப்போது எழுத்து தெளிவு, ஆகவே அழைப்பு இல்லை. அழைப்போடு சேர்ந்து வந்ததும் இல்லை. இதை நான் இன்றுவரை யோசித்ததே இல்லை.

நல்லூர் மருந்தாளர் | செவ்வாய், காலை 6.50

மருந்தகப் பக்கத்திலிருந்து ஒரு சொல். கையெழுத்துப் பிழை போனது. அதன் இடத்தில் தெரிவுப் பிழை வந்திருக்கிறது. முதல் நான்கெழுத்தைத் தட்டியதும் பெயர்கள் வரிசையாக இறங்குகின்றன. தைரொயிட்டுக்கான கார்பிமசோலும் வலிப்புக்கான கார்பமசெபினும் ஒன்றன்கீழ் ஒன்று. விரல் ஒரு வரி தவறினால் போதும். கிறுக்கலான எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். அச்சில் அழகாக வந்த தவறான பெயரைப் பார்த்தால் சந்தேகம் எங்கிருந்து வரும்?

மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கவேண்டிய மெதோட்ரெக்ஸேட்டைத் தினமும் என்று பதிந்ததை நான் தடுத்திருக்கிறேன். தடுத்தது என் கெட்டித்தனத்தால் அல்ல. அந்த விடுதித் தாதி முந்திய நாள் வேறொரு அலுவலாக வந்தபோது, "அந்த அம்மாவுக்கு மூட்டுவாதம்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னது நினைவில் இருந்தது. இப்போது அவர் மருந்தகத்துக்கு வருவதில்லை. கோரிக்கை திரையில் வருகிறது, பெட்டியைச் சிற்றூழியர் கொண்டு போகிறார்.

ஒரு நன்மையையும் சொல்லவேண்டும். இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே அரைநூற்றாண்டுக்கு முன் வலியுறுத்திய பொதுப்பெயரில் மருந்து எழுதும் பழக்கத்தைக் கணினிதான் எங்கள் இடத்தில் கட்டாயமாக்கியது. வணிகப்பெயர் எழுதும் வைத்தியர்களோடு நான் பட்ட பாடு அதோடு ஓய்ந்தது.

மானிப்பாய் மகள், லண்டன் | செவ்வாய், பிற்பகல் 2.15

அக்கா, மானிப்பாயில் பிறந்து லண்டனில் பதினொரு ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். இங்கே கணினியைச் சக்கர மேசையில் வைத்துக் கட்டிலடிக்கே தள்ளிக்கொண்டு போகிறோம். நோயாளியின் கைப்பட்டியைக் கருவியால் வாசித்த பிறகுதான் மருந்து. உங்களுக்கு நடந்தது போன்ற பழைய அச்சுப் பட்டியல் இங்கே கிடையாது. கொடுக்கும் நேரத்தில் திரையில் இருப்பதுதான் கடைசிச் சொல். உங்கள் பிரச்சினையில் பாதி, ஒரு விடுதிக்கு ஒரே கணினி என்பதாலும் அது தள்ளிப் போக முடியாத மேசையில் இருப்பதாலும் வந்தது என்பது என் எண்ணம்.

மற்றப் பாதி இங்கேயும் இருக்கிறது. எச்சரிக்கைகள் அளவுக்கு மீறி வருவதால், வைத்தியர்கள் வாசிக்காமலே அவற்றைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். 2005இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இத்தகைய அமைப்பே பிழைக்கு வழிவிடும் 22 வகைகளைக் கண்டெழுதினார்கள். ஒரே நோயாளியின் மருந்துகளை முழுதாகப் பார்க்க 20 திரைகள் வரை திறக்க வேண்டியிருந்ததாம். மருந்தகத்தில் எந்த அளவு மாத்திரை இருப்பில் உள்ளது என்று காட்டிய எண்ணை, கொடுக்கவேண்டிய அளவு என்று வைத்தியர்கள் எடுத்துக்கொண்டதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

என்னை உலுக்கியது பிட்ஸ்பர்க் சிறுவர் வைத்தியசாலையின் கதை. வேறு இடங்களிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட பிள்ளைகளில் இறப்பு, கணினிமுறை வந்தபின் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியது. அதுவும் 2005இல் வெளியானதுதான். முன்பு அம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே வைத்தியர் சொல்லச் சொல்லத் தாதியர் மருந்தை ஆயத்தப்படுத்திவிடுவார்கள். புதிய முறையில், பிள்ளை வந்து சேர்ந்து பெயர் பதிந்த பிறகே எதையும் பதிய முடியும். நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, அம்புலன்சில் யாழ்ப்பாணம் வரும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை வழியில் இருக்கும் நேரம் முழுவதும் நாம் கைகட்டி நிற்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் கட்டிலடியில் நின்றவர்களில் ஒருவர் கணினிக்குப் போய்விட்டார் என்றும், நேருக்கு நேர் பேச்சுக் குறைந்தது என்றும் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஆனால் சியாட்டிலில் உள்ள இன்னொரு சிறுவர் வைத்தியசாலையில் அதே போன்ற அமைப்பு வந்தபோது இறப்பு கூடவில்லை. ஆகவே பழியைப் பெட்டியின்மேல் மட்டும் போடக் கூடாது.

ஓய்வுபெற்ற தாதிய சகோதரி | செவ்வாய், மாலை 5.30

பிள்ளைகளே, எல்லோர் எழுத்தையும் பேத்தியின் உதவியோடு வாசித்தேன்.

போர் நடந்த தொண்ணூறுகளில் நாங்கள் மின்சாரம் இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் மருந்து அளந்தவர்கள். தாள் கிடைக்காது. பாவித்த படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு மருந்து அட்டவணை செய்தோம். வைத்தியர் ஒருவர், நோயாளர் நூறு. அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அவர் "ஓம்" என்ற பிறகுதான் ஊசியைத் தொடுவேன். அதை ஒருவரும் எங்களுக்குச் சட்டமாகப் போடவில்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் காதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத என் மனம் இடம் தராது. நிபுணர் எழுதியதைக் கேள்வி கேட்டதற்காக விடுதி நடுவில், நோயாளர் முன்னால் ஏச்சு வாங்கிய தாதியரை எனக்குத் தெரியும். அப்படி ஏச்சு வாங்கியவள் அடுத்த முறை வாய் திறக்கமாட்டாள். கட்டிலடியில் பேச்சு இருந்தது, உண்மை. பல நாட்களில் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த பேச்சு. கணினி எதைக் கொண்டுபோனது என்று அளக்கும்போது அதையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

புதிய தாதி | செவ்வாய், இரவு 8.05

சகோதரி அம்மா சொன்னதற்குப் பிறகுதான் எனக்கு எழுதத் துணிவு வந்தது. இரவுப்பணி அக்கா, நான் உங்களோடு முழுதாக உடன்படவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், தொலைபேசியில் ஒரு வைத்தியர் சொன்ன ஊசியைப் போட்டேன். மறுநாள் விசாரணை வந்தபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். எழுத்தில் இல்லை, என் சொல்லுக்குச் சாட்சி இல்லை. இரண்டு இரவுகள் தூங்கவில்லை. இன்று யார் எழுதினார், எத்தனை மணிக்கு எழுதினார் என்று திரையில் நிற்கிறது. இளம் தாதிக்கு அது பெரிய காவல். பேச்சு குறைந்தது என்று நீங்கள் வருந்தும் இடத்தில் எனக்கு நிம்மதி கிடைத்தது.

எனக்குள்ள குறை வேறு. எங்கள் அமைப்பில் தாதி சந்தேகத்தைப் பதிய ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். "இந்த அம்மாவுக்கு இந்த அளவு தாங்குமா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை" என்பதைத் தமிழில் நேரே நின்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், இலக்கணம் பிழைத்துவிடுமோ என்ற கூச்சத்தில் பெட்டியை வெறுமையாக விட்டுவிடுகிறேன். தெற்கிலிருந்து வந்த சிங்கள வைத்தியர் என்றால் அவருக்கும் என்னோடு பேச அதே தயக்கம் இருக்கிறது. அமெரிக்க மிஷனரியான கிரீன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இது. ஒரு சந்தேகத்தைத் தமிழில் எழுத இன்னும் இடமில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வைத்தியரின் கடவுச்சொல்லைத் தாதியரிடம் கொடுத்து, "நீங்களே பதிந்துவிடுங்கள் மிஸ்" என்பது பல இடங்களில் நடக்கிறது. பதிவில் வைத்தியர் பெயர், விசைப்பலகையில் தாதியின் விரல். பிழை வந்தால் யார் தலையில் விழும்?

வடமராட்சி வைத்தியர் | செவ்வாய், இரவு 9.10

தங்கச்சி, கடவுச்சொல் விடயம் உண்மை. நானும் கொடுத்திருக்கிறேன், அது தவறு. இனிக் கொடுக்கமாட்டேன். ஏன் கொடுத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். காலைச் சுற்றில் நிபுணர் ஒரு கட்டிலுக்கு இரண்டு நிமிடம் நிற்பார். ஐம்பது பேர் இருக்கும் விடுதியில் அவர் வாயால் சொல்வதைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். கணினி மறுமூலையில். சுற்று முடிந்து நான் பதிய உட்காரும்போது பத்தரை மணி. அதற்குள் காலை மருந்து கொடுத்து முடிந்திருக்கும். "எட்டு மணிக்கே அளவைக் கூட்டச் சொன்னேனே" என்று நிபுணர் கேட்கும்போது, தாதிமீதும் பிழை இல்லை, என்மீதும் இல்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் முகம் கறுத்துப் போகிறது. அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் தேவை.

கொடிகாமத்து மகன் | புதன், காலை 7.30

நான் மருத்துவத்துறை இல்லை. அப்பாவை ஒன்பது நாள் விடுதியில் வைத்துப் பார்த்தவன். நான்காம் நாள் வெள்ளை மாத்திரை போய் மஞ்சள் மாத்திரை வந்தது. ஏன் என்று தாதியைக் கேட்டேன். "கணினியில் மாற்றியிருக்கிறார்கள்" என்றார். வைத்தியரைக் கேட்டேன், "தாதிக்குத் தெரியும், கேளுங்கள்" என்றார். இருவரும் நல்லவர்கள், களைத்துப் போனவர்கள். அப்பா கடைசிவரை அந்த மஞ்சள் மாத்திரையைப் பயந்து பயந்துதான் விழுங்கினார்.

திருநெல்வேலிக் கணினியாளர் | புதன், முற்பகல் 11.00

இத்தகைய மென்பொருள் ஒன்றில் நான் வேலை செய்திருக்கிறேன், எனவே குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் எழுதுகிறேன். 2004இல் அமெரிக்க, நெதர்லாந்து, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூவர் எழுதிய கட்டுரை ஒன்று இதே நோயைத்தான் சொல்கிறது: கணினியில் பதிந்துவிட்டால், சேரவேண்டியவருக்குச் செய்தி சேர்ந்துவிட்டது என்ற நினைப்பு. நாங்கள் கட்டியது செய்தியைச் சேமிக்கும் இடம். அதை ஆள் கையில் கொண்டு கொடுக்கும் வேலையைத் தொடவே இல்லை. பொற்றாசியத்தை நிறுத்தியபோது, அந்தப் பட்டியலை அச்செடுத்த தாதியின் பெயர் அமைப்புக்குத் தெரியும். அவருக்கு ஒரு மணியடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லும்படி எங்களை ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த அனுபவத்தால் மின்பிறப்பாக்கி, மின்கலம், அச்சுப் பட்டியல் என்று மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்குப் பக்கம் பக்கமாகத் திட்டம் போட்டோம். பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

இரவுப்பணித் தாதி | புதன், மாலை 6.20

தம்பி, ஒரு கேள்வி. அந்த மென்பொருளைத் திட்டமிட்ட கூட்டங்களில் எத்தனை தாதியர் இருந்தார்கள்?

திருநெல்வேலிக் கணினியாளர் | புதன், மாலை 6.45

ஒருவரும் இல்லை, அக்கா. வைத்தியர்கள் இருந்தார்கள், நிர்வாகத்தினர் இருந்தார்கள். மருந்தை எழுதுபவரை அழைத்தோம். கொடுப்பவரை அழைக்கவில்லை.

ஓய்வுபெற்ற தாதிய சகோதரி | புதன், இரவு 7.30

தம்பி உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பிள்ளை, இனி நீ என்ன செய்யப்போகிறாய்? மென்பொருள் மாறக் காலம் எடுக்கும். நாளைக்கும் மாலை 4 மணி வரும்.

இரவுப்பணித் தாதி | மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு, இரவு 10.10

சகோதரி அம்மா கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். செய்து பார்க்காமல் எழுத விரும்பவில்லை.

அடுத்த நாளே எங்கள் பொறுப்புச் சகோதரியிடம் போனேன். அவர் நிபுணரிடம் பேசினார். நிபுணர் மறுப்பார் என்று பயந்தேன், மறுக்கவில்லை. மாலைப் பட்டியலை 5.30க்குத்தான் அச்செடுக்கிறோம். நிறுத்திய மருந்தையும் உடனே கொடுக்கவேண்டிய மருந்தையும் கணினியில் பதிந்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லவேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்லவேண்டும், ஜாம்போத்தல் விளக்குக் காலத்தில் சகோதரி அம்மா செய்தது போல. எந்த மொழி வருமோ அந்த மொழியில் சொல்லலாம். புதிய தங்கச்சியின் கவலைக்காக, சொன்ன நேரத்தையும் இருவர் பெயரின் முதலெழுத்தையும் ஒரு சிறு கொப்பியில் குறிக்கிறோம். கூடுதல் வேலை என்று சில தாதியர் முணுமுணுத்தார்கள், அவர்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது. வேலை நெருக்கிய இரண்டு மாலைகளில் எங்களால் செய்யவும் முடியவில்லை. கணினி இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறது. சக்கர மேசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வியாழக்கிழமை அதே வைத்தியர் ஐந்து மணிக்கு விடுதிக்கு வந்தார். "மிஸ், ஏழாம் கட்டில் அம்மாவுக்கு இன்று வார்பரின் வேண்டாம், கணினியிலும் நிறுத்திவிட்டேன்" என்றார். "ஏழாம் கட்டில், வார்பரின் வேண்டாம்" என்று திருப்பிச் சொன்னேன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அது. பிறகுதான் நினைவு வந்து, "டொக்டர், காலையில் பல் துலக்கும்போது அந்த அம்மாவின் முரசிலிருந்து இரத்தம் வந்ததே, தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. நான் மருந்து வண்டியை ஓரமாக விட்டேன். இருவரும் ஏழாம் கட்டிலுக்குப் போனோம்.